எட்டு லட்சத்தில் பழைய ஃபோர் வீல் வண்டி: தாரா, ஜிப்ஸியா?

கோயம்புத்தூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கையில் 8 லட்சம் இருக்கிறது, வீட்டில் மனைவியும் ஆறு வயது மகளும். வால்பாறை, கொல்லிமலை, மேகமலை, கடம்பூர் என்று மலைப்பக்கம் சுற்ற வேண்டும், தார் போடாத பாதைகளிலும் போக வேண்டும், அதற்குப் பழைய மஹிந்திரா தார் வாங்கலாமா, மாருதி ஜிப்ஸி வாங்கலாமா, எது நடுவழியில் கைவிடாது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் போகும் பாதைக்கு ஃபோர் வீல், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, உண்மையிலேயே வேண்டுமா என்பது ஒன்று. வேண்டுமென்றால், இன்னொருவர் ஓட்டித் தேய்த்த வண்டிகளில் தேறக்கூடியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இரண்டாவது. பொள்ளாச்சிப் பக்கம் பட்டறை வைத்து எஸ்டேட் ஜீப், ஜிப்ஸி, தார் என்று பிரித்துப் பூட்டுவதே என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். மாடல் பெயரைவிட இரண்டாவது கேள்விக்கான பதில்தான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும், அதனால் அதைத்தான் நீட்டி எழுதப் போகிறேன்.

முதலில் பாதை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. எல்லாமே தார்ச்சாலை. சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறுவதும் அப்படித்தான். இங்கெல்லாம் நல்ல பிரேக்கும், நல்ல டயரும், இறக்கத்தில் கியரைக் குறைத்து ஓட்டத் தெரிந்த கையும் இருந்தால் சாதாரணக் காரே போதும். ஃபோர் வீல் வேண்டியிருப்பது எஸ்டேட்டுக்குள் கல் பரப்பிய பாதையில், மழைக்காலச் செம்மண் சேற்றில், குறுக்கே பள்ளத்தில் தண்ணீர் ஓடும் மலைக்கிராமத்துத் தடங்களில். கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையம் போகும் வழியில் மழை பெய்து சர்க்கரைப்பள்ளம், குரும்பூர்ப்பள்ளம் என்ற ஓடைகள் பெருகி ஊரையே துண்டித்ததுண்டு. அந்த மாதிரித் தண்ணீரில் ஃபோர் வீல் வண்டியும் இறங்கக் கூடாது. வெள்ளம் சக்கரத்தின் பிடியைப் பார்ப்பதில்லை, வண்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடும்.

காட்டுப் பாதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘காட்டுக்குள்ளே’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனைமலை, சத்தியமங்கலம், முதுமலை எல்லாம் புலிகள் காப்பகங்கள். பொதுச்சாலையை விட்டு அனுமதி இல்லாமல் உள்ளே வண்டியை விடுவது 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வண்டியையே பறிமுதல் செய்ய முடியும். அனுமதி தரும் எஸ்டேட், தெரிந்தவரின் தோட்டம், மலைக்கிராமச் சாலைகள், முறையாக நடத்தப்படும் ஆஃப் ரோடு நிகழ்ச்சிகள், லீவு கிடைத்தால் ஸ்பிட்டி, லடாக்: உங்கள் வண்டிக்கு வேலை இருப்பது இங்கெல்லாம்தான். வருடத்தில் எத்தனை முறை இப்படிப் போவீர்கள் என்று வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள். மிகக் குறைவு என்று தோன்றினால், தரையிலிருந்து உயரமாக நிற்கும் நல்ல டூ வீல் டிரைவ் வண்டி வாங்கி, மீதிப் பணத்தில் நல்ல டயர் போடுவதே சரி. கொழுக்குமலை மாதிரி இடத்துக்கு சூரியநெல்லியில் உள்ளூர் ஜீப்புகள் இருக்கின்றன. அந்தப் பாதை அந்த டிரைவர்களுக்கு மனப்பாடம்.

வேண்டும் என்றே முடிவெடுத்தால், விளம்பரத்தில் ‘ஃபோர் பை ஃபோர்’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். ஓடும் பொலிரோ, ஸ்கார்ப்பியோவில் பெரும்பாலானவை டூ வீல் டிரைவ்தான். 2023 ஜனவரியிலிருந்து தாரிலேயே பின் சக்கரம் மட்டும் இழுக்கும் மாடல் வந்துவிட்டது. ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். கியர் பாக்ஸுக்குப் பின்னால், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இருந்து, அதிலிருந்து முன் அச்சுக்குப் புரொபெல்லர் ஷாஃப்ட் என்ற நீளத் தண்டு ஒன்று போனால்தான் நீங்கள் தேடும் வகை. ரெனோ டஸ்டர், டாடா ஹெக்ஸா, மஹிந்திரா எக்ஸ்யூவி 500 ஆகியவற்றிலும் நான்கு சக்கரமும் இழுக்கும் மாடல்கள் உண்டு. சேற்றிலிருந்து வெளியே வர அவை உதவும், ஆனால் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியர் கிடையாது. லோ ரேஞ்ச் ஏற்றத்துக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுவது இறக்கத்தில். முதல் தலைமுறைத் தாரில் லோ போட்டால் வேகம் சுமார் 2.5 மடங்கு குறைகிறது. உருளைக்கல் நிறைந்த சரிவில் முதல் கியரில் போட்டுவிட்டுக் காலை எடுத்தால், பிரேக்கைத் தொடாமலே வண்டி நடை வேகத்தில் இறங்கும். அது இல்லாத வண்டியில் பிரேக்கை மிதித்து மிதித்துப் பாதி மலையிலேயே லைனிங் கருகிவிடும்.

இனி உங்கள் தார், ஜிப்ஸி கேள்விக்கு நேராக வருகிறேன். இரண்டுமே நல்ல வண்டிகள். ஜிப்ஸி 1985 டிசம்பரில் 970 சி.சி. என்ஜினோடு வந்தது, பிறகு 1.3 லிட்டர் ஆனது. எடை ஏறக்குறைய ஒரு டன்தான், அதனால் சேற்றில் புதையாது, புதைந்தாலும் நாலு பேர் சேர்ந்து தள்ளிவிடலாம். பழைய தார் சி.ஆர்.டி.இ. 2010இல் வந்தது, 2.5 லிட்டர் டீசல், 105 குதிரைத்திறன். இழுவையில் அதற்குக் குறையே சொல்ல முடியாது. ஆனால் தம்பி, உங்கள் மகள் எங்கே உட்காருவாள்? பழைய தாரில் பின் இருக்கை பக்கவாட்டில் எதிரும் புதிருமாக இருக்கும் பெஞ்ச். பெரும்பாலான ஜிப்ஸிகளிலும் அப்படித்தான். குழந்தைக்கான இருக்கையை அதில் சரியாகப் பொருத்த முடியாது, இரண்டிலும் ஏர்பேக்கும் கிடையாது. தனியாகவோ நண்பர்களோடோ சுற்றுபவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் இந்த இரண்டு வண்டிகளையும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். முன்னோக்கிய நடு இருக்கை உள்ள ஸ்கார்ப்பியோ ஃபோர் வீலையோ, நன்றாகப் பராமரித்த சஃபாரி ஃபோர் வீலையோ தேடுங்கள். 2023இல் வந்த ஐந்து கதவு ஜிம்னி மூன்று பேருக்குப் பொருத்தமான வண்டி. அதில் லோ ரேஞ்சும் உண்டு, ஏர்பேக்கும் உண்டு. பழையது உங்கள் பணத்துக்குச் சற்று மேலே போகலாம், ஆனாலும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ஸ் கூர்க்காவில் ஓர் அச்சின் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி பூட்டும் டிஃபரென்ஷியல் லாக் முன்னும் பின்னும் கம்பெனியிலேயே வரும், கரடுமுரடுக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், அந்தச் சத்தமும் வேகமும் எல்லோருக்கும் ஒத்துவராது.

எந்த மாடலானாலும் ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. விற்பவர் லிவரைப் போட்டுக் காட்டுவார், டேஷ்போர்டில் விளக்கு எரியும். அந்த விளக்கு சொல்வது டிரான்ஸ்ஃபர் கேஸ் மாறியதை மட்டும்தான், முன் சக்கரம் இழுக்கிறதா என்பதை அல்ல. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரம் இரண்டுக்கும் கட்டை வையுங்கள். முன்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். டூ வீலில் இருக்கும்போது அதைக் கையால் சுழற்றினால் சுழல வேண்டும். பிறகு முன் சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப்பைப் பூட்டி, லிவரை நான்கு சக்கரத்துக்கு மாற்றி மறுபடி சுழற்றுங்கள். சில டிகிரி ஆடிவிட்டு டக்கென்று நின்றுவிட வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்தால் முன்னச்சில் எங்கோ அறுந்திருக்கிறது. ஹப், ஆக்சில் ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றில் ஒன்று. தூக்கிய வண்டிக்கு அடியில் மட்டும் தலையை விடாதீர்கள்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் ஹப் உள்ள வண்டிகளில் இந்தச் சோதனை சரியான பதிலைத் தராது. அதற்கு வேறு வழி இருக்கிறது. மண் தரையில் நான்கு சக்கரத்துக்குப் போட்டுக் கொஞ்ச தூரம் நேராக ஓட்டுங்கள். பிறகு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். இந்த வகை வண்டிகளில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. அதனால் திரும்பும்போது நான்கு சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, வண்டி தயங்கித் தயங்கி நகர வேண்டும். டூ வீலில் திரும்புவது போலவே வழுக்கிக்கொண்டு திரும்பினால் முன் சக்கரம் சேரவில்லை. இதைத் தார்ச்சாலையில் செய்து பார்க்காதீர்கள், பிடிமானம் அதிகமுள்ள தரையில் அந்த முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மீது ஏறும். விற்பவரே தார்ச்சாலையில் போட்டு ஒடித்துக் காட்டினால், அந்த வண்டி இவ்வளவு நாள் எப்படி ஓட்டப்பட்டது என்பதும் தெரிந்துவிடும். அடுத்து ஒரு சரிவில் லோ போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்குங்கள். லிவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் உள்ளே கியர்ப் பல்லோ, கியரைத் தள்ளும் ஃபோர்க்கோ தேய்ந்துவிட்டது. மலையிறக்கத்தில் அது துள்ளினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மற்றக் குறைகளுக்கு விலை பேசலாம், இந்த ஒன்று இருந்தால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

அடுத்தது எண்ணெய். என்ஜின் ஆயிலை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் டிஃபரென்ஷியல் ஆயிலைப் பாருங்கள். முன்னச்சு, பின்னச்சு, டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றிலும் ஆயில் ஊற்றும் போல்ட் பக்கவாட்டில் இருக்கும். விற்பவரின் சம்மதத்தோடு உங்கள் மெக்கானிக்கை வைத்து அதைக் கழற்றச் சொல்லி, சுண்டுவிரலை உள்ளே விட்டு எடுங்கள். தேன் நிறத்திலோ கறுப்பாகவோ, வழவழப்பாக இருந்தால் சரி. பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது, காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால், உள்ளே சுருங்கும் காற்று சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதோடு மாதக்கணக்கில் ஓடினால் பேரிங்கில் துரு ஏறி, உள்ளிருக்கும் பல்சக்கரங்களான கிரவுனும் பீனியனும் ஊளையிட ஆரம்பிக்கும். டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதையும் துடைத்துப் பாருங்கள். மை போன்ற மெல்லிய பொடி ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் குத்தும் சில்லு வந்தால் பல் உடைகிறது. நான் பார்த்த வரையில் வெளியே மின்னும் பெயின்ட், புது சீட் கவர், கூரை மேல் நாலு விளக்கு என்று அலங்காரம் கூடக் கூட இந்தக் காபி நிறம் வருவதும் கூடுகிறது. கூட்டத்தோடு போய் ஆழத் தண்ணீரில் விட்ட வண்டிகள் அவை. எஸ்டேட்டில் மேனேஜர் ஓட்டிய, பெயின்ட் மங்கிய வண்டி பலமுறை இவற்றைவிட ஆரோக்கியமாக இருக்கும்.

தண்ணீர் பற்றிப் பேசும்போதே வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 2015லும் 2023 டிசம்பரிலும் மூழ்கிய வண்டிகளில் பல, கழுவித் துடைத்துக் கைமாறியிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து மூலைகளில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். டீசல் என்ஜின் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாலே கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். வளைந்தும் ஓடிக்கொண்டிருக்கும், எப்போது உடையும் என்று சொல்ல முடியாது.

வண்டியின் அடிச்சட்டமான சேஸியைப் பார்க்கக் காலையில் போங்கள், டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் ஷேக்கிள் பிடித்திருக்கும் இடம், ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடம், பின் பம்பரை ஒட்டிய குறுக்குச் சட்டம் ஆகிய மூன்றிலும் வெல்டிங் தழும்போ விரிசலோ இருக்கிறதா என்று தேடுங்கள். திருப்புளியின் கைப்பிடியால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உள்ளே அரித்தது மொத்தையாகக் கேட்கும். அடியில் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஓடிய வண்டியானால் இந்தச் சோதனைக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். ஜிப்ஸியில் தரைத் தகட்டைக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அதில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறினால் வீல் பேலன்ஸ் என்று சொல்லிச் சமாளிப்பார்கள். முன் சக்கரம் திரும்ப உதவும் கிங்பின் பேரிங்கோ டை ராடு எண்டோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும்.

என்ஜினை எப்போதும் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் போகும்போதே பானட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. நான்கும் ஒரே அளவாக, ஒரே அளவு தேய்ந்ததாக இருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு மொட்டை என்று ஓட்டினால் நான்கு சக்கரத்தில் போடும்போதெல்லாம் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் கையாலும் கண்ணாலும் உறுதி செய்யக்கூடியவை. இனி உறுதியில்லாதவை. மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை, அதைத் திருத்துவது எளிது. எஸ்டேட்டில் லோ ரேஞ்சில் ஓடிய 40,000, நெடுஞ்சாலையில் ஓடிய 1,00,000த்தைவிட வண்டியை அதிகம் தேய்த்திருக்கும். டீசல் இன்ஜெக்டரும் டர்போவும் இன்னும் எவ்வளவு நாள் வரும் என்று ஒரு நாள் ஓட்டிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகையை வடிகட்டும் டி.பி.எஃப். உண்டு. எஸ்டேட்டுக்குள்ளேயே மெதுவாக ஊர்ந்த வண்டியில் அது அடைத்திருக்கலாம். அடைப்பு எவ்வளவு என்பது ஸ்கேனரில்தான் தெரியும். ஃபார்ச்சூனர், எண்டேவர் போன்றவற்றின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்கள் என் கை அதிகம் படாதவை. அந்தப் பக்கம் போனால் அவற்றையே பார்க்கும் ஆளிடம் காட்டுங்கள், என் பேச்சை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பேப்பர் விஷயத்தில் மூன்று இடங்களில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாவது மாற்றங்கள். பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், சாஃப்ட் டாப்பை ஹார்ட் டாப்பாக மாற்றியது, இரும்பு பம்பர் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸில் தகராறு வரும், தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். இரண்டாவது வெளிமாநில வண்டி. டெல்லித் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாட்டால் அங்கிருந்து மலிவாக நிறைய வந்தன. படிவம் 28இல் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்துக் கூட்டினால் பல சமயம் அந்த மலிவு கரைந்துவிடும். மூன்றாவது ராணுவத்தில் கழித்த ஜிப்ஸியும், பல ஜீப்புகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வண்டியும். ஆர்.சி.யில் உள்ள சேஸி எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றா என்று நீங்களே பாருங்கள். சேஸி எண் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தால், சுரண்டி அடித்த எண் கோணலாகக் காட்டிக் கொடுத்துவிடும். தனியார் வண்டிக்கு ஆர்.சி. 15 ஆண்டுதான், அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால், அது தீர்ந்ததற்கான படிவம் 35உம் பேங்க் கடிதமும் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கிய கையோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

8 லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். என் கணக்குப்படி 6, ஆறேகாலுக்குள் முடித்துவிட்டு, மீதியைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் மாற்றத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் கொஞ்சம் போகும். வாங்கிய வாரமே என்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு அச்சு என எல்லா ஆயிலையும் மாற்றுங்கள். பிரேக் ஆயிலும் கூலன்ட்டும் அதோடு சேர்ந்து போகட்டும். டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால், மாற்றிய பில் இல்லாத பட்சத்தில் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரீதர் குழாய்களை ஊதிப் பார்த்து, முடிந்தால் பானட் உயரத்துக்கு நீட்டிக் கட்டச் சொல்லுங்கள், செலவு மிகக் குறைவு. பிறகு ஒரு மாதம் ஊருக்குள்ளும் பொள்ளாச்சி ரோட்டிலும் ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை மண் தரையில் நான்கு சக்கரத்துக்குப் போட்டு எடுங்கள், மாதக்கணக்கில் போடாமல் விட்டால் இணைப்புகள் இறுகிவிடும். அந்த ஒரு மாதத்தில் வரும் கசிவும் சத்தமும் வந்து முடியட்டும், அதற்குப் பிறகு மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போங்கள்.